குரல் எட்டாத நாட்கள்

குடும்பத்தைத் தாங்குபவள் தாய் என்பர். நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் சிற்றூர்களில் பல வீடுகளைத் தாங்கும் தாய் அவ்வீட்டில் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கிறாள். குவைத்திலும் சவுதி அரேபியாவிலும் பிறர் வீட்டு அடுக்களையில் நின்று உழைத்து, தன் வீட்டு அடுப்பு எரியப் பணம் அனுப்புகிறாள். பத்தாம் வகுப்புத் தேறாத பெண்கள் 30 வயது நிறையுமுன் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லலாகாது என்பது இந்திய அரசின் விதி. இளம்பெண்களின் பாதுகாப்பை எண்ணி அமைந்த விதி அது. ஆனால் 30 வயதில் நம் ஊர்ப் பெண் எந்நிலையில் இருப்பாள்? பள்ளி செல்லும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பாள். எனவே, விமானம் ஏறுபவள் தனியொரு பெண் அல்லள். ஒரு வீட்டின் தாயே புறப்பட்டுச் செல்கிறாள்.

முன்னாளில் அத்தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இடையே வான்வழிக் கடிதங்கள் நடந்தன. பின்னர், பேச்சைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் ஊர் திரும்புவோர் கையில் வந்தன. அதற்கும் பின்னர், தொலைபேசி நிலையங்களில் நிமிடங்களை எண்ணிப் பேசினர். இன்றோ கைப்பேசித் திரையில் முகம் பார்த்துப் பேசுகின்றனர். குவைத்தின் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே இரவுச் சமையல் முடியும் வேளையில் இங்கே பிள்ளைகள் உறங்கப் போவார்கள். இடையில் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தில் அவள் மகனின் கணக்குப் பாடத்தை விசாரிக்கிறாள். மகளின் தலைப்பின்னலைப் பார்க்கிறாள். மாமியாருக்கு மருந்தை நினைவூட்டுகிறாள். அந்த அரை மணி நேரமே அவளுடைய இல்லறம்.

அது ஒரு நாள் திடீரென நின்றுபோனால் அவள் நிலை என்ன?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு கடந்த வேளையில் 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, மேற்கு நோக்கி நம் மாவட்டத்துள் புகுந்தது. ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடி, கீரமங்கலம், வடகாடு எனத் தென்னையும் பலாவும் வாழையும் செழித்த பகுதிகள் ஓரிரவில் உருக்குலைந்தன. புயல் தாக்கிய மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் அற்றுப்போனால் கைப்பேசிக் கோபுரம் தன் பேட்டரியைக் கொண்டு சில மணி நேரமே இயங்கும். அதன்பின் டீசல் வேண்டும். டீசல் வரவேண்டிய சாலைகளிலோ மரங்கள் கிடந்தன. கோபுரம் மீண்டும் இயங்கிய இடங்களிலும், வீட்டில் இருந்த கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற வழியில்லை. உட்புறச் சிற்றூர்கள் சிலவற்றில் மின்சாரம் திரும்ப ஒரு மாதமாயிற்று.

நமக்கு அறிமுகமான சகோதரி ஒருவர் அப்போது குவைத்தில் வேலையில் இருந்தார். அவருடைய இசைவோடு, பெயரும் ஊரும் குறிப்பிடாமல் இதனை எழுதுகிறோம். அவ்வாரத்தில் குவைத்திலும் பெருமழை பெய்து, விமானப் போக்குவரத்தே தடைப்பட்டிருந்தது. ஆகவே வியாழன் இரவு பேசியபோது, பிள்ளைகள்தாம் தாயை எண்ணிக் கவலைப்பட்டனர். "இங்கேயும் காற்று வலுக்கிறது, அம்மா" என்று மகன் சொன்னதே இறுதியாகக் கேட்ட சொல். மறுநாள் விடியற்காலை அவர் அழைத்தார், இணைப்புக் கிட்டவில்லை. அன்றும் கிட்டவில்லை, அடுத்த நாளும் கிட்டவில்லை.

செய்திகளுக்குப் பஞ்சமில்லை. முறிந்த தென்னைகளும், ஓடு பறந்த வீடுகளும், நாள்தோறும் கூடிய இறந்தோர் எண்ணிக்கையும் அவர் கையிலிருந்த திரையில் வந்தவண்ணம் இருந்தன. தம் வீட்டுச் செய்தி ஒன்றுதான் வரவில்லை. "அவளுக்கென்ன, புயல் அடிக்காத நாட்டில் பத்திரமாக இருக்கிறாள்" என்று இங்கே சிலர் பேசக் கேட்டோம். அது நியாயமான பேச்சன்று. இங்கிருந்தோர் கூரையை இழந்தனர். ஆனால் தம்மவர் உயிரோடிருப்பதைக் கண்ணால் கண்டனர். அவருக்கு அந்த ஆறுதலும் இல்லை. பின்னர் நம்மிடம் அவர் கூறியது இது: "சாமி, கெட்ட செய்தி வந்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ஒரு செய்தியும் வராதபோது எதற்கென்று அழுவது?"

ஆயினும் அவர் இடிந்து உட்கார்ந்துவிடவில்லை. ஓயாமல் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தால் வேலையும் கெடும், மனமும் கெடும் என்று உணர்ந்து, காலை, நண்பகல், இரவு என மூன்று வேளை மட்டும் அழைப்பது என்று முடிவு செய்தார். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்தும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் வந்து அங்கே வேலை செய்த பெண்கள் சிலரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். யாருக்கு ஊர்த்தொடர்பு கிட்டினாலும், அவர் மற்றவர் ஊர்களைப் பற்றியும் கேட்டுச் சொல்லவேண்டும். அவ்வாறே நான்காம் நாள், தம் ஊருக்குச் செல்லும் சாலை திறந்தது என்றும், அங்கே உயிர்ச்சேதம் இல்லை என்றும் வேறொருத்தி வாயிலாக அறிந்தார். இரவில், வழக்கமாகப் பேசும் அரை மணி நேரத்தில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளைகளுக்கு எழுதத் தொடங்கினார். அன்று சமைத்ததையும், மகன் படிக்கவேண்டிய பாடத்தையும், மகளுக்கு வாங்கி வைத்திருந்த உடையின் நிறத்தையும் எழுதினார்.

வீட்டிலோ வேறொரு சங்கடம். அவருடைய குவைத் எண் கைப்பேசிக்குள் மட்டுமே இருந்தது. கைப்பேசி அணைந்ததும் அவ்வெண்ணும் அதனோடு மறைந்தது. மனப்பாடமாக அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஆறாம் நாள், தகரப் பெட்டியில் இருந்த பழைய தாளொன்றில் அப்பாயி அதனைக் கண்டெடுத்தார். தார்ப்பாய் வாங்கத் திருச்சிக்குச் சென்ற தாய்மாமன், பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று அங்கிருந்து பேசவைத்தார். பேசியது இரண்டு நிமிடம். அதில் பாதி அழுகை. அதன்பின் மின்சாரம் வந்து, திரையில் முகம் காண டிசம்பர் நடுப்பகுதி ஆயிற்று. அதுவரை எழுதியவற்றைத் தாய் அஞ்சலில் அனுப்பினார். அத்தாள்களை அவ்வீட்டில் நாம் கண்டோம். மடிப்புகள் கிழியும் அளவுக்குப் பிள்ளைகள் அவற்றைப் படித்திருந்தனர். அதற்கு முன் திரையில் பேசிய நூற்றுக்கணக்கான இரவுகளுக்கு அவ்வீட்டில் ஓர் அடையாளமும் இல்லை.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கிய காலத்தில் தந்தி என்றொரு வழி இருந்தது. தந்திக் கம்பியும் புயலில் அறும்தான். எனினும் கம்பி அறாத நகருக்குச் சென்று 'அனைவரும் நலம்' என்று இரு சொல் அனுப்ப ஓர் அலுவலகம் இருந்தது. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. கடிதம் எழுதும் வழக்கத்தை யாரும் நிறுத்தவில்லை, நாமே விட்டுவிட்டோம். புதிய வழி ஒன்று திறந்ததும் பழைய வழிகளை மறந்துவிடுகிறோம். புதிய வழி அடைபடும் நாளில் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

இதில் கடமை யாருடையது? அயல்நாட்டில் இருப்பவள் தன்னால் இயன்றதைச் செய்வாள். முன்னேற்பாடு செய்யவேண்டியவர் வீட்டார். அவள் அனுப்பும் பணத்தை வாங்கும் கைக்கு, அவளுடைய மனநிம்மதியைக் காக்கும் பொறுப்பும் உண்டு. செய்யவேண்டியவை எளியவை. நாட்டுக் குறியீட்டெண்ணோடு அவளது எண்ணைத் தாளில் எழுதிக் குடும்ப அட்டையோடு வையுங்கள். பிள்ளைகளுக்கும் அதனை மனப்பாடம் செய்வியுங்கள். திருச்சியிலோ மதுரையிலோ உள்ள உறவினர் ஒருவரைச் செய்தி நடுவராக இருதரப்பும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால், காற்று எழுமுன் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றி, எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். அலைவரிசை நலிந்து பேச முடியாதபோது குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். அது பலமுறை போய்ச் சேரும். மாதம் ஒரு கடிதத்தைப் பிள்ளைகள் தம் கையால் எழுதட்டும்.

வங்கக் கடலில் ஆண்டுதோறும் புயல் உருவாகும். அது எவ்வூரைத் தாக்கும் என்பதை நாம் முடிவு செய்ய இயலாது. ஒரு தாய் ஆறு நாள் கலங்குவதா, ஒரே நாளில் ஆறுதல் பெறுவதா என்பதை, வீட்டிலிருக்கும் ஒரு துண்டுத் தாள் பெரும்பாலும் முடிவு செய்துவிடும். அதனை இன்றிரவே எழுதி வையுங்கள்.