நிமிடத்துக்கு ஒரு பவுண்டு

மீன் பிடிப்பவனைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது உலக வழக்கு. தூண்டிலை நீரில் இட்டுவிட்டு, தக்கையின்மீது விழி வைத்து, நாழிகைக் கணக்கில் அசையாது அமர்ந்திருப்பவனைக் கண்டால் அவசரக்காரனுக்கும் மனம் சற்று அடங்கும். அத்தகைய ஒரு செயலில் வேகத்துக்கு என்ன வேலை என்று நம்மவர்கள் கேட்கக்கூடும். அமெரிக்க நாட்டு ஏரிகளில் நடைபெறும் மீன்பிடிப் போட்டிகளை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். அங்கே தூண்டில் இன்றும் பொறுமையின் கருவியாகவே இருக்கிறது. அதைச் சுமந்து செல்லும் படகோ பொறுமையை அடியோடு மறந்துவிட்டது.

அந்நாட்டு நன்னீர் நிலைகளில் 'பாஸ்' என்றொரு மீன் உண்டு. தூண்டிலில் சிக்கியதும் துள்ளிப் போராடும் இயல்பினது. அதைப் பிடிப்பதை முறையான போட்டியாக வளர்த்தவர் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ரே ஸ்காட் என்பவர். காப்புறுதித் துறையில் பணியாற்றி வந்த அவர், 1967 ஜூன் மாதத்தில் ஆர்கன்சா மாநிலத்து பீவர் ஏரியில் 106 பேரைத் திரட்டித் தம் முதற்போட்டியை நடத்தினார். 1971-இல் நெவாடாவின் மீட் ஏரியில் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' என்னும் தலைமைப் போட்டி தொடங்கிற்று. அன்று கலந்துகொண்டவர்கள் 24 பேர். வென்றவருக்குக் கிடைத்த பரிசு 10,000 டாலர். இன்று அதே போட்டியில் முதற்பரிசு 3 இலட்சம் டாலர். பரிசு வளர வளர எஞ்சினும் வளர்ந்தது. இருபது அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகின் பின்புறத்தில் 250 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்திக்கொண்டு, மணிக்கு 70 மைல் வேகத்தில் நீரைக் கிழித்துச் செல்வது அங்கே வழக்கமாகிவிட்டது.

போட்டியின் அமைப்பை அறிந்தாலன்றி அந்த வேகத்தின் காரணம் விளங்காது. விடியற்காலையில் படகுகள் வரிசை எண்படி ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். மாலையில் குறித்த நேரத்துக்குள் அனைவரும் கரை சேர வேண்டும். பிடித்த மீன்களுள் பெரும்பாலும் ஐந்தை மட்டும் நிறுக்கக் கொடுக்கலாம். அந்த ஐந்தின் மொத்த எடையே வெற்றியை முடிவு செய்யும். மீன்களை உயிரோடு கொண்டுவருதல் வேண்டும். பிடித்த மீனைக் கொல்லாது மீண்டும் நீரில் விடும் வழக்கத்தை 1972-இல் ஸ்காட் புகுத்தினார். அதற்கெனப் படகிலேயே காற்றூட்டிய தண்ணீர்த் தொட்டி உண்டு. இறந்த மீனைக் கொண்டுவந்தால் எடையில் கழிவு. கேட்கும்போதே உள்ளத்துக்கு இதமளிக்கும் விதி இது.

நம் உறவினர் மகன் ஒருவர் அலபாமாவிலுள்ள ஹன்ட்ஸ்வில் நகரில் பொறியாளராகப் பணியாற்றுகிறார். அவருடைய இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை ஸுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு கன்டர்ஸ்வில் ஏரிக்கரைக்குச் சென்றோம். டென்னசி ஆற்றைத் தேக்கி உண்டாக்கிய பெரிய நீர்த்தேக்கம் அது. பொழுது இன்னும் முழுமையாகப் புலரவில்லை. நீர்ப்பரப்பின்மீது மெல்லிய பனிமூட்டம் படிந்திருந்தது. உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்காகப் பல படகுகள், முனையில் சிவப்பும் பச்சையுமாக விளக்கெரியக் காத்திருந்தன. புறப்படுமுன் கீதம் இசைத்தார்கள். ஒருவர் இறைவனிடம் வேண்டுதல் செய்தார். அனைவரும் தலை தாழ்த்தி நின்றனர். அந்த அமைதி நம் உள்ளத்தைத் தொட்டது. மறு நொடியில் எண்கள் அழைக்கப்பட்டன. ஒவ்வொரு படகும் முன்புறம் வானை நோக்கி உயர, இடிபோன்ற முழக்கத்துடன் பாய்ந்தது. கரையோரத்தில் முதியவர் ஒருவர் சிறிய அலுமினியப் படகில் ஒரு சிறுவனுடன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பாய்ந்து சென்ற படகுகள் எழுப்பிய அலைகள் அவருடைய படகைத் தொட்டில்போல் ஆட்டின. தூண்டிலை விட்டுவிட்டு ஒரு கையால் விளிம்பையும் மறு கையால் சிறுவனின் தோளையும் அவர் பற்றிக்கொண்டார்.

"ஏன் தம்பி இத்தனை அவசரம்? மீன் எங்கே ஓடிவிடும்?" என்று கேட்டோம்.

"மீன் ஓடாது மாமா. ஆனால் நல்ல இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்வார். காலையில் இடத்துக்காக ஓட்டம். மாலையில் நேரத்துக்காக ஓட்டம். தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு கழித்துவிடுவார்கள்" என்றார் அவர்.

நிமிடத்துக்கு ஒரு பவுண்டு! பெரிய போட்டிகளிலும் அதுவே கணக்கு என்று பின்னர் அறிந்தோம். பதினைந்து நிமிடத்துக்குமேல் பிந்தினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். அவுன்ஸ் வேறுபாட்டில் பல்லாயிரம் டாலர் கைமாறும் போட்டியில், கடைசி நல்ல மீனுக்காகப் பத்து நிமிடம் கூடுதலாகத் தங்கிவிட்ட ஒருவர், அந்தப் பத்து நிமிடத்தை எங்கே மீட்பார்? எஞ்சினிடந்தான் மீட்பார்.

மணிக்கு 70 மைல் என்றால் ஒரு விநாடிக்கு நூறடிக்குச் சற்று மேல். உதயசூரியன் கண்ணில் பட்டு மூன்று விநாடி விழி கூசினால், முந்நூறு அடித் தொலைவைக் குருடராகவே கடந்துவிட்டார் என்பது பொருள். சாலையில் செல்லும் காருக்குத் தடை உண்டு. படகுக்கு அது கிடையாது. எஞ்சினைத் தணித்தாலும் நீரின் எதிர்ப்பே அதை நிறுத்த வேண்டும். சாலையில் கோடுகள் உண்டு. ஏரியில் நாற்புறமும் வழிதான். புறப்படும் வேளையில் படகின் முனை உயர்ந்து எதிரிலுள்ளதை மறைக்கிறது. முழு வேகத்திலோ அடித்தளத்தின் பின்பகுதி மட்டுமே நீரைத் தொடுகிறது. அந்நிலையில் படகு இடவலமாக ஆடத் தொடங்கினால், தேர்ந்த கைகளாலன்றி அதை அடக்க இயலாது. அரை முழம் அமிழ்ந்து மிதக்கும் மரக்கட்டை ஒன்று போதும். உள்ளிருப்பவர் வெளியே தூக்கி எறியப்படுவார்.

எறியப்பட்டபின் நேர்வது இன்னும் கொடியது. ஓட்டுநரை இழந்த படகு நேரே சென்று மறைந்துவிடுவதில்லை. சுழலும் விசிறியின் முறுக்கு விசையால் சுக்கான் ஒருபுறம் திரும்பிவிட, படகு வட்டமிட்டு, நீரில் தத்தளிக்கும் தன் எசமானனை நோக்கியே மீண்டும் வரும். இதைத் தடுப்பதற்காக ஏற்பட்டதே 'கில் சுவிட்ச்' எனப்படும் அணைப்பு விசை. விசையோடு பிணைந்த சிறு கயிற்றின் மறுமுனையை ஓட்டுநர் தம் அங்கியில் மாட்டிக்கொள்வார். அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும். இந்தக் கயிற்றையும் மிதவை அங்கியையும் தம் போட்டிகளில் கட்டாயமாக்கியவர் ரே ஸ்காட். அவருக்குரிய புகழை நாம் மறுக்கலாகாது. 26 அடிக்குக் குறைந்த எஞ்சின் படகுகளை ஓட்டுவோர் அக்கயிற்றை மாட்டிக்கொள்ள வேண்டும் என்னும் கூட்டரசுச் சட்டம் 2021 ஏப்ரல் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அரசுக்கு அரை நூற்றாண்டு பிந்தித் தோன்றிய அறிவு, போட்டி நடத்தியவருக்கு முந்தித் தோன்றியது.

மிதவை அங்கியின் அருமையை அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் கணக்கு உணர்த்தும். 2023-இல் அந்நாட்டில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். இறப்பின் காரணம் தெரிந்தவர்களுள் நூற்றுக்கு 75 பேர் நீரில் மூழ்கியே மாண்டனர். மூழ்கியவர்களுள், அங்கி அணிந்தனரா என்பது தெரிந்த அளவில், நூற்றுக்கு 87 பேர் அணியாதவர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கிராமவாசி ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். ஏரிப் படகோட்டிக்கு அந்தக் கயிறும் அங்கியுமே ஒட்டகத்தின் கட்டு.

ஆயினும் ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கயிறு யாரைக் காக்கிறது? மாட்டியிருப்பவரை. அங்கி யாரைக் காக்கிறது? அணிந்திருப்பவரை. எதிரே நிற்கும் படகில் இருப்பவரை எது காக்கும்? அவருக்குக் காவல் மற்றவருடைய நிதானமும் விழிப்புமே. வேறொன்றும் இல்லை.

2025 ஏப்ரல் 16 அன்று, அலபாமாவின் ஸ்மித் ஏரியில் பெரிய போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. காலைப் பொழுதில் போட்டியாளர் ஒருவரின் படகும், போட்டியில் சேராத வேறொரு மீன்பிடிப் படகும் மோதிக்கொண்டன. மூன்று உயிர்கள் பறிபோயின. மாண்ட மூவரும் போட்டியில் சேராத படகில் இருந்தவர்கள். போட்டி கைவிடப்பட்டது. குற்றம் யாருடையது என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. அதற்கு நீதிமன்றங்கள் உள்ளன. ஆயினும், எந்தப் பரிசையும் நாடாமல், எவரோடும் போட்டியிடாமல் ஏரிக்கு வந்த மூவர் வீடு திரும்பவில்லை என்னும் உண்மை நம் நெஞ்சை அறுக்கிறது. கன்டர்ஸ்வில் கரையோரத்தில் சிறுவனின் தோளைப் பற்றிய அந்த முதியவரின் கை அச்செய்தியைப் படித்தபோது நம் கண்முன் தோன்றியது.

"போட்டியாளர்கள் கைதேர்ந்தவர்கள், ஆண்டுதோறும் நடைபெறும் எண்ணற்ற போட்டிகளில் விபத்து மிகச் சிலவே, அவர்களுடைய உயிரைப் பற்றிய துணிவு அவர்களுக்குரியது" என்பார் உண்டு. முதலிரண்டையும் நாம் ஒப்புக்கொள்வோம். மூன்றாவதை எங்ஙனம் ஒப்புவது? ஒரே கப்பலில் மேல்தட்டிலும் கீழ்தட்டிலும் பயணம் செய்த கூட்டத்தாரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமையை இங்கே நினைவுகூர்தல் தகும். தண்ணீருக்காக மேலே சென்று மற்றவர்களைத் தொல்லைப்படுத்துவானேன் என்று எண்ணிய கீழ்தட்டினர், தம் பகுதியிலேயே துளையிட முனைந்தனர். அது அவர்களுடைய பகுதிதானே என்று மேலிருந்தவர்கள் விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பற்றித் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். ஏரியும் ஒரே கப்பல் போன்றதுதான். ஒருவருடைய வேகம் அவருடைய படகோடு முடிந்துவிடுவதில்லை.

கப்பல்கள் மோதாதிருக்க 1972-இல் வகுக்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக விதிகளில் ஐந்தாவது, எப்பொழுதும் கண்ணாலும் காதாலும் விழிப்பாகக் காவல் காக்கச் சொல்கிறது. ஆறாவது, பாதுகாப்பான வேகத்தில் செல்லக் கட்டளையிடுகிறது. அந்த வேகம் இத்தனை மைல் என்று அது எண் கூறவில்லை. கண்ணுக்கு எட்டும் தொலைவு, சுற்றிலுமுள்ள கலங்களின் நெருக்கம், தன் கலம் திரும்பவும் நிற்கவும் கூடிய திறன், காற்று, நீரோட்டம் ஆகியவற்றை எடைபோட்டு ஓட்டுநரே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க உள்நாட்டு நீர்வழி விதிகளிலும் இதே கட்டளை உண்டு. போட்டி விதிகளும் பாதுகாப்பாக ஓட்டுமாறு கூறத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே நிதானம் ஓர் அறிவுரை. தாமதமோ ஒரு கணக்கு. அறிவுரையும் கணக்கும் மோதும்போது எது வெல்லும் என்பதை மனித இயல்பை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலால் திருத்தம் ஓட்டுநரின் மனத்தில் மட்டுமன்று, போட்டியின் கணக்கிலும் நிகழ வேண்டும். இறந்த மீனுக்கு எடையில் கழிவு விதிக்கத் தெரிந்தவர்களுக்கு, வரம்பு மீறிய வேகத்துக்குக் கழிவு விதிப்பது அரிதாகுமா? படகின் வேகத்தை நொடிதோறும் குறிக்கவல்ல கருவிகள் அப்படகுகளிலேயே இருக்கின்றன. புறப்படும் நேரத்தைப் பனி விலகும்வரை ஒத்திவைக்கலாம். குறுகிய நீர்வழிகளில் வேக எல்லை வகுக்கலாம். கரை சேரும் கெடுவில், நிதானமாகத் திரும்பி வந்த ஒருவருக்குச் சில நிமிடச் சலுகை அளிக்கலாம். மீன் ஓடிவிடாது.

போட்டியே கூடாது என்பது நம் கருத்தன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். நன்கு பழக்கப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட ஓடுதளமும், பழக்கப்படாதவற்றுக்குக் குறுகிய ஓடுதளமும் வகுத்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் பகர்கின்றன. ஓடுபவற்றின் ஆற்றலை அறிந்து எல்லை வகுப்பது பந்தயம் நடத்துவோரின் கடமை என்பதற்கு இதனினும் தெளிந்த வழிகாட்டல் எது? அரஃபாத்திலிருந்து மக்கள் வெள்ளம் திரும்பிய வேளையில், ஒட்டகங்கள் அதட்டி விரட்டப்படும் ஒலி கேட்டு, அமைதியாகச் செல்லுமாறும் விரைவில் நன்மை இல்லையென்றும் அவர்கள் பணித்தார்கள். புனிதக் கடமையின் நடுவிலேயே வேகத்துக்கு இடமில்லை என்றால், ஐந்து மீன்களின் எடைக்காக அதற்கு இடமளிப்பது எவ்வாறு தகும்?

மாலையில் எடை போட்டு முடிந்ததும் மீன்கள் மீண்டும் ஏரியில் விடப்படுகின்றன. வாலை ஒருமுறை அசைத்துவிட்டு அவை தம் இருப்பிடத்துக்குப் போய்விடுகின்றன. விதி வகுத்தவர்களின் கருணையால் மீனுக்குக் கிடைத்த அந்தப் பேறு, அன்று காலை அதே ஏரியில் படகேறிய ஒவ்வொரு மனிதருக்கும், போட்டியில் சேர்ந்தவர்க்கும் சேராதவர்க்கும், கிடைத்தல் வேண்டும். எல்லாம் வல்ல அல்லாஹ், விதி வகுப்போர்க்கு அந்த விவேகத்தையும், விரைந்து செல்வோர்க்கு நிதானத்தையும் அருள்வானாக!