ஜாமீனுக்கு விலை பணமில்லை, பட்டா

போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி போன் பண்ணினார். "அண்ணே, எங்க அண்ணனுக்கு ஜாமீன் கெடச்சிருச்சு. ஆர்டர்ல பத்தாயிரம்னு போட்டிருக்கு. வீட்ல எப்படியோ புரட்டிட்டோம். எங்கண்ணே கட்டணும்?"

"எங்கேயும் கட்ட வேண்டாம் தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் இருந்ததற்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

நான் சேரம்பாடிக்காரன். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு தொழிலாளியை யானை அடித்துக் கொன்றது. ஜனங்கள் உடலை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். மறியல் முடிந்ததும் சிலர் மேல் வழக்கு. வழிமறித்தது, சட்டவிரோதமாகக் கூடியது என்பதோடு நின்றிருந்தால் ஸ்டேஷன் ஜாமீனிலேயே வந்திருப்பார்கள். அரசு ஊழியரைத் தாக்கிப் பணி செய்யவிடாமல் தடுத்தார்கள் என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. எங்கள் மாமா உள்ளே போனார். அதே வழக்கில் பஜாரில் கடை வைத்திருக்கும் ஒருவரும் போனார்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே உத்தரவில் ஜாமீன் கிடைத்தது. தலா பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். கடைக்காரரின் அண்ணனும் மச்சானும் வீட்டு வரி ரசீதோடு வந்தார்கள். அன்று சாயங்காலமே அவர் வீட்டில் காப்பி குடித்தார். மாமா அதற்குப் பிறகும் பதினேழு நாள் உள்ளே இருந்தார்.

ஏன்? மாமாவின் தம்பி இருப்பது எஸ்டேட் லைன் வீடு. வரி ரசீது அவர் பெயரில் இல்லை. கூட வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் லைன் வீடுதான். பெரியம்மா மகனுக்குச் சொந்த வீடு இருக்கிறது, ஆனால் செக்போஸ்ட் தாண்டி வயநாட்டில். நாங்கள் காய்கறி வாங்கவும் கல்யாணத்துக்கும் போய் வரும் தூரம்தான். "கேரளா ஷூரிட்டி வேண்டாம், லோக்கல் ஆள் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியில் கோர்ட் வாசலில் ஒருவர் கிடைத்தார். ஒரு ஷூரிட்டிக்கு இரண்டாயிரம், இரண்டுக்கு நாலாயிரம் என்றார். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்தார். வந்து நின்ற இரண்டு பேருக்கும் மாமாவின் பெயரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது தெரியும் என்றார்கள். நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்ததும் நான்தான். வழக்கு விடுதலையில் முடிந்தது. அந்தப் பணம் திரும்பவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். உத்தரவில் இருக்கும் பத்தாயிரம் கட்டணம் கிடையாது. அது ஒரு வாக்குறுதியின் மதிப்பு. "வாய்தாவுக்கு வருவேன், வராவிட்டால் இவ்வளவு தருகிறேன்" என்று குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிக் கொடுப்பது சொந்தப் பத்திரம். "அவர் வராவிட்டால் நான் தருகிறேன்" என்று இன்னொருவர் எழுதிக் கொடுப்பது ஜாமீன்தாரர் பத்திரம். அவர் ஒழுங்காக வாய்தாவுக்கு வந்தால் யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. வராமல் போனால் கோர்ட் பத்திரத்தைப் பறிமுதல் செய்து, ஜாமீன்தாரரிடம் விளக்கம் கேட்டு, தொகையை வசூலிக்கும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது வெளிப்படையான வியாபாரம். ஜாமீன் தொகையில் சுமார் பத்து சதவீதத்தைக் கம்பெனிக்குக் கட்டினால் அவர்கள் பொறுப்பேற்பார்கள். அந்தப் பத்து சதவீதம் திரும்ப வராது. நியூயார்க்கில் 2010-ல் கலீஃப் பிரவுடர் என்ற பதினாறு வயது கறுப்பினப் பையனை ஒரு பையைத் திருடியதாகப் பிடித்தார்கள். ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் முடியவில்லை. விசாரணையே நடக்காமல் சுமார் மூன்று வருடம் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கிடந்தான். வழக்கு தள்ளுபடியானது. 2015-ல் தற்கொலை செய்துகொண்டான். இல்லினாய் மாநிலம் 2023-ல் பண ஜாமீனையே முழுவதுமாக ஒழித்துவிட்டது.

நம் நாட்டில் அப்படிக் கம்பெனி கிடையாது. காசு வாங்கிக்கொண்டு ஷூரிட்டி போடுவதை நம் சட்டம் ஏற்பதும் இல்லை. ஆனால் ஷூரிட்டிக்குச் சொத்து காட்டு என்று கேட்கும்போது, சொத்து இல்லாதவன் சொத்து உள்ளவனை வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கோர்ட் கட்டணம் வாங்கவில்லை. கோர்ட் வாசல் வாங்குகிறது.

எங்கள் மலையில் யாரிடம் சொத்து இல்லை என்று பாருங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டான்டீ தோட்டங்கள் போடப்பட்டன. வந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். தோட்டத்துக்கு வெளியே குடிசை போட்டவர்களும் தப்பவில்லை. 1969-ன் கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தில் பிரிவு 17 என்று ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் மாட்டிய நிலத்தில் தலைமுறையாக இருந்தும் பட்டா இல்லை. பணியர், காட்டுநாயக்கர் கதையைச் சொல்லவே வேண்டாம். பட்டா இல்லாத ஊரில் பட்டா கேட்டால், அந்த ஜாமீன் உத்தரவு யாருக்காக எழுதப்பட்டது?

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மாஜிஸ்திரேட் பத்தாயிரத்துக்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி ஷூரிட்டிக்கு வந்தால், சொத்து வேறு மாவட்டம் என்று தள்ளிவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். எங்கள் மாமா உள்ளே இருந்தபோது இந்தத் தீர்ப்புக்கு முப்பது வயதுக்கு மேல். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஷூரிட்டி கொடுக்க முடியவில்லை என்றால், அவரை ஏழை என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும். புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது பிரிவு 478. பத்திரத் தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது, குறைக்கச் சொல்லி செஷன்ஸ் கோர்ட்டுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகலாம் என்பது பிரிவு 484. ஷூரிட்டிக்குப் பதிலாகப் பணத்தை டெபாசிட் செய்யக் கோர்ட்டிடம் அனுமதி கேட்கலாம் என்பது பிரிவு 490. டெபாசிட் திரும்ப வரும், வாசலில் கொடுத்தது வராது.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் முக்கியம். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே விடப்படாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானே பார்க்கலாம். உள்ளூர் ஷூரிட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதமும் விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் அது சொல்லியிருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்கு உதவும் ஒன்றிய அரசுத் திட்டமும் 2023-லிருந்து இருக்கிறது. உபா, போதைப்பொருள் போன்ற சில சட்ட வழக்குகளுக்கு அது கிடையாது.

இன்னொரு செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாமா தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. தோட்டத்தில் அந்த நேரம் வேலை நேரம். போய்விட்டு வந்தால் அரைப் பேர்கூட விழாது. இரண்டு மாதம் அப்படி நடந்தார். நாலாயிரத்தைவிட அதில்தான் அதிகம் போனது. அந்த நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போடலாம் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் இருப்பவர்களும் உண்டு. வன்கொடுமைப் புகார் கொடுத்தவன் மேலேயே எதிர்ப்புகார் பதிவாகும் நாட்டில், நாளைக்கு உங்களில் யாருடைய பெயரும் எஃப்.ஐ.ஆரில் வரலாம். உங்கள் வீட்டில் யார் பெயரில் வரி ரசீது இருக்கிறது என்று இன்றே பாருங்கள். இருந்தால், தெரிந்த தோழருக்கு ஷூரிட்டியாக நிற்கத் தயாராக இருங்கள். பொறுப்பு உண்டு என்று தெரிந்தே நில்லுங்கள். அவரை வாய்தாவுக்குக் கூட்டிப்போவதும் உங்கள் வேலைதான்.

அந்தத் தம்பியின் அண்ணன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ஜாமீன் கிடைத்து இன்றோடு ஒன்பது நாள். வாசலில் ஒருவர் ஐயாயிரம் கேட்டாராம். கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். சொந்தப் பத்திரத்தில் விடக் கேட்டு, ஆணைக்குழு வக்கீல் மூலம் மனுப் போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை வருகிறது. நான் போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள்.

ஜெய் பீம்.