செவியின் பொறுமை

வானொலியில் பிறர் பேசுவதைக் கேட்பதோடு அமையாது, தாமே செய்தி அனுப்பி மறுமொழி பெற விழைவோர் உலகெங்கும் உளர். அவர்கள் ஊதியம் கருதாதவர். அரசின் உரிமம் பெற்றுத் தம் இல்லத்திலேயே சிறு நிலையம் அமைத்துக்கொள்பவர். அவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்றும் 'ஹாம்' என்றும் அழைப்பர்.

1923ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்த பிரெட் ஷ்னெல் என்பாரும், பிரான்சு நாட்டின் நீஸ் நகரத்திலிருந்த லியோன் டெலுவா என்பாரும் செய்தி பரிமாறினர். அமெச்சூர் வானொலியாளர் இருவர் அட்லாண்டிக் மாகடல் கடந்து உரையாடியது அதுவே முதன்முறை. புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்சுக் குறிகளே அவர்தம் மொழி. இரைச்சலினூடே மெலிந்து வரும் குறியைப் பிரித்தறியச் செவிக்கு நெடுநாள் பயிற்சி வேண்டும். அலைகளைத் திருப்பி அனுப்பும் வானின் மேலடுக்குப் பகலில் ஒரு தன்மையும் இரவில் வேறொரு தன்மையும் உடையது. ஆதலால் ஏற்ற வேளைக்காக விழித்திருத்தலும் வேண்டும். அவ்வாறு காத்திருந்து பெற்ற மறுமொழி பலருக்கு நட்பாக மலர்ந்தது.

2017ஆம் ஆண்டில் எஃப்.டி.8 என்னும் புதுமுறை வந்தது. அதனை வகுத்தோருள் ஒருவர், 1993ஆம் ஆண்டில் இயற்பியலுக்கு நோபெல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர். இம்முறையில் செவிக்கு வேலையில்லை. மனிதச் செவிக்கு எட்டாத குறியையும் கணிப்பொறி கண்டுணரும். 15 நொடிக்கு ஒருமுறை இருபுறமும் மாறி மாறிச் செய்தி செல்லும். அழைப்புக்குறி, இருப்பிடம், அலையின் வலிமை ஆகியவை பரிமாறப்படும். ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடியும். உயர்ந்த கம்பி கட்ட இடமில்லாத அடுக்குமாடி வீட்டினரும் குறைந்த மின்னாற்றலால் கடல் கடக்கின்றனர். இது பெரும்பேறே.

ஆயினும், விரைவு பொறுமையின்மையையும் வளர்த்தது. எத்தனை நாடுகளை எட்டினோம் என்னும் கணக்கே சிலருக்குக் குறிக்கோளாயிற்று. வேறு சிலர், அழைத்தலையும் விடையளித்தலையும் கணிப்பொறியிடமே விட்டு உறங்கச் செல்கின்றனர். விடிந்தபின் பட்டியல் நீண்டிருக்கும். அதிலுள்ள ஒருவரையும் அவர் அறிந்திலர்.

இப்பொழுதுபோக்கு இடர்க்காலத்திலும் உதவுவது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கித் தொலைத்தொடர்பைச் சிதைத்தது. அப்போது போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலியாளர், அங்குள்ளோரின் நலச் செய்திகளைப் பெருநிலத்திலிருந்த உறவினருக்கு எட்டச் செய்தனர். உயிரோடிருப்பவர் யார், எங்குள்ளார் என்பதைக் கேட்டு, ஐயம் தீர மீண்டும் கேட்டு, தெளிவுற உரைத்தல் வேண்டும். எஃப்.டி.8 முறையிலோ, ஒருவர் தம் விருப்பப்படி எழுதும் செய்தி 13 எழுத்துக்குறிகளைக் கடக்க இயலாது. மகனைத் தேடும் ஒரு தாயின் கேள்வி அதற்குள் அடங்குமோ?

புதுக்கருவியை வெறுத்தல் தகாது. அதனிடம் செவியை ஒப்படைத்துவிடுதலும் தகாது. அமைதியான நாள்களில் பேசியும் பொறுமையாகக் கேட்டும் பழகியவரே, இடுக்கண் வந்த நாளில் பிறருக்குக் குரலாக நிற்பர்.