பெரியவரின் இரண்டு ஏக்கர்

ஜெகதாப்பட்டினம் என்றதும் படகும் மீனும்தான் நினைவுக்கு வரும். கடலை விட்டு மேற்கே தள்ளிப்போனால் வானம் பார்த்த சம்பா வயல்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒருநாள் அடங்கல் நகலோடு அலுவலகம் வந்தார்.

“தம்பி, எனக்கு ரெண்டு ஏக்கர். பட்டியல்ல அரை ஏக்கர்னு ஒட்டியிருக்கீங்களே?”

பயிர்ச்சேதப் பட்டியலைத் தயாரித்த கணினி உதவியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பரப்பைப் படித்துத் தொகை கணக்கிடுவதற்கு எக்செல்லில் ஒரு மேக்ரோ வைத்திருந்தார். முதலில் அது ‘ரன்டைம் எரர் 13, டைப் மிஸ்மேட்ச்’ என்று பாதியில் நின்றது. அவசரத்துக்கு, நண்பர் சொன்னபடி ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரியைச் சேர்த்தார். ‘பிழை வந்தாலும் நிற்காதே, அடுத்த வரிக்குப் போ’ என்று அர்த்தம். மேக்ரோ கடைசிவரை ஓடியது.

பெரியவரின் வரிசையைப் பார்த்ததும் குட்டு உடைந்தது. ஹெக்டேரில் 0.81 என்று எண் மட்டும் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘2 ஏக்கர்’ என்று இருந்தது. எழுத்து கலந்ததை மேக்ரோவால் எண்ணாக ஏற்க முடியவில்லை. நிற்கவும் வழியில்லாததால், முந்தைய வரிசைக்காரரின் 0.20 ஹெக்டேரையே இவருக்கும் எழுதிவிட்டது.

உதவியாளர் அந்த வரியை நீக்கினார். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது எண்தானா என்று ‘இஸ்நியூமெரிக்’ மூலம் முதலில் சோதிக்கச் செய்தார். எண் இல்லாதவை தனித்தாளுக்கு வந்தன. பெரியவரைப்போல இன்னும் சிலர் அதில் இருந்தார்கள். அடங்கலைப் பார்த்துத் திருத்தியபிறகே பட்டியல் மேலே போனது.

சர்வே எண்ணிலும் இப்படி ஒரு வில்லங்கம் உண்டு. 12/3 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும்.

சத்தமில்லாத பிழை பெரிய நாடுகளையும் விடவில்லை. 2020-ல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் விடுபட்டது. பழைய எக்செல் கோப்பில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

பட்டியல் ஒட்டினால் பெயர் இருக்கிறதா என்பதோடு திரும்பிவிடாதீர்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் அடங்கலோடு ஒப்பிடுங்கள். பெரியவர் அப்படிப் பார்த்ததால்தான் அவருடைய ஒன்றரை ஏக்கர் திரும்பி வந்தது, அவரால் மற்றவர்களுடையதும்.