உபுண்டு யார் பக்கம்?

அன்று போர்ட் எலிசபெத் எனப்பட்ட நகரின் லொரெய்ன் பகுதியில், தனியார் நிலத்தில் 29 குடிசைகள். உள்ளே 68 பேர், அதில் 23 பேர் குழந்தைகள். இவர்களைக் காலி செய்யச் சொல்லி அக்கம்பக்கத்தார் 1,600 பேர் கையெழுத்திட்டு மாநகராட்சியிடம் மனுக் கொடுத்தார்கள். குடிசைக்காரர்கள் அடம்பிடிக்கவில்லை. பலர் ஏற்கெனவே வேறு இடத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள். போகிற இடத்திலாவது நிம்மதியாக இருக்க விடுவீர்களா என்றுதான் கேட்டார்கள். 2004 அக்டோபரில் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், மாநகராட்சி கோரியபடி அவர்களை வெளியேற்ற உத்தரவிட மறுத்தது. தீர்ப்பை எழுதிய ஆல்பி சாக்ஸ், மற்ற மனிதர்களோடு சேர்ந்துதான் ஒருவர் மனிதராகிறார் என்னும் உபுண்டுவை அதில் துணைக்கு அழைத்தார். அதே மாதம் அதே பெயரில் ஒரு கணினி இயங்குதளமும் வெளிவந்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது அதைத்தான்.

உபுண்டு என்றதும் எல்லோரும் மன்னிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. 1993-இன் இடைக்கால அரசியலமைப்புச் சட்டம் பழிவாங்கல் வேண்டாம், உபுண்டு வேண்டும் என்று முடிகிறது. அதே முடிவுரைதான் நிறவெறிக் காலத்து அரசியல் குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு பெறவும் வழிசெய்கிறது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பீக்கோ இதே போர்ட் எலிசபெத்தில் போலீஸ் விசாரணையில் தலையில் அடிபட்டு, 1977-இல் இறந்தவர். பொதுமன்னிப்பை எதிர்த்து அவருடைய குடும்பமும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்து 1996-இல் தோற்றார்கள். அவரை விசாரித்த போலீஸ்காரர்களுக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது உண்மைதான், ஆனால் 2003-இல் வழக்குத் தொடர்வதில்லை என்று அரசுத் தரப்பு கைவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கென அரசு அறிவித்த தலா 30,000 ராண்டும் அதே ஆண்டில்தான் வந்தது. அந்தக் குற்றங்களை விசாரித்த உண்மை ஆணையம் பரிந்துரைத்ததைவிட அது வெகு குறைவு. பொதுமன்னிப்பு என்னும் அந்தப் பேரம் இல்லாவிட்டால், எல்லா இனத்தவரும் வாக்களித்த 1994 தேர்தலே நடந்திராது என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் அதைப் பேரம் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே! இழந்தவனிடமே இன்னும் கொஞ்சம் கேட்பதற்கு ஒரு தத்துவம் எதற்கு? அதிகாரம் உள்ளவன் கையைக் கட்டும்போதுதான் உபுண்டு தன் வேலையைச் செய்கிறது என்பேன். 1995-இல் மரணதண்டனையை ஒழித்த மக்வன்யானே வழக்கில் பல நீதிபதிகள் உபுண்டுவை எடுத்தாண்டது அரசின் கையைக் கட்டத்தான்.

சமூகமே பெரிது என்னும் சிந்தனையைச் சமூகத்துக்கு எதிராகவே திருப்புவதா, அந்த 1,600 பேரும் சமூகம் இல்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் 29 குடிசைகளில் இருப்பவர்களைக் கழித்துவிட்டுக் கூட்டிய கணக்கு அது. தூக்குத் தண்டனையைப் பெரும்பான்மையினர் விரும்பக்கூடும் என்று ஒப்புக்கொண்டுதான் நீதிமன்றம் அதை நீக்கியது. தலை எண்ணுவதற்குத் தேர்தல் இருக்கிறது. நில உரிமையாளர் என்ன பாவம் செய்தார் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. லொரெய்ன் நிலத்தை நீதிமன்றம் யாருக்கும் எழுதிக்கொடுத்துவிடவில்லை. உரிமையாளருக்கு அந்த நிலம் உடனடியாகத் தேவைப்படவில்லை என்பதைக் கணக்கில் எடுத்தது. இந்த 68 பேருக்கென்று என்ன செய்யலாம் என மாநகராட்சி அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பார்க்காததைக் குறையாகச் சொன்னது. இத்தகைய வழக்குகளில் பொதுவாக முதலில் மத்தியஸ்தம் முயல வேண்டும், புல்டோசரெல்லாம் அதற்குப் பிறகு என்றது.