பிளடர் இல்லாத பந்து

கழக மலருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வேணும் என்று போன கிழமை மூன்று பேர் என் படலையடியில் வந்து நின்றீர்கள். வாழ்த்துச் செய்தி எழுத நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள்; கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய கூட்டறிக்கைப் புத்தகம். நாலு சி.ஆர். கொப்பியைச் சேர்த்துத் தைத்து, முதுகில் சாக்குத்துணி ஒட்டினது. 1973 தொடக்கம் 1995 வரைக்கும் செயலாளராக இருந்து நான் எழுதினது. அதைப் புரட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

வந்தவர்களில் ஒரு தம்பி கேட்டார்: “ஐயா, நாங்கள் பின்னேரத்தில பந்தடிக்கிறம். அதுக்குள்ள அரசாங்கம் என்னத்துக்கு?” இருபத்திரண்டு வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அரசாங்கம் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் வந்த வருஷம் அது. இனிக் கழகம் என்றால் பதிவு வேண்டும், யாப்பு வேண்டும், கணக்கு வேண்டும் என்று ஊரில் கதை அடிபட்டது. எனக்குக் கையெழுத்து நல்லது. அதனால் செயலாளர் ஆக்கினார்கள். பந்தடியில் நான் பெரிய சூரன் இல்லை. அந்தச் சட்டத்தால் எங்களுக்கு அந்த நேரம் வந்ததும் இல்லை, போனதும் இல்லை. எங்களை ஆட்டிவைத்தது வேறொன்று. அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது.

1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டுச் செலாவணி இல்லை என்று இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. வெளியிலிருந்து மிளகாய் வராது, வெங்காயம் வராது. வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு அப்படி ஒரு காலம் அதற்கு முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. ஓட்டு வீடுகள் எழும்பின, தண்ணீர் இறைக்க மிசின் வந்தது. எங்கள் கழகத்துக்கும் வெங்காயம் விற்ற காசில் நன்கொடை வந்தது. காசு இருந்தது. பந்துதான் இல்லை. பந்தும் வெளியிலிருந்துதானே வரவேண்டும்.

இப்போது நீங்கள் அடிக்கிற பந்து முழுப்பந்து. அது வேறு சாமான். எங்கள் தோல் பந்துக்கு ஒரு வாய் இருக்கும். வாயை அவிழ்த்து உள்ளே இருக்கிற ரப்பர் பிளடரை வெளியே இழுத்து, சைக்கிள் கடையில் கொடுத்து ஒட்டுப் போட்டு, திரும்ப உள்ளே திணித்து, காற்றடித்து, குழாயை மடக்கி நூலால் கட்டி, வாயைத் தோல் வாரால் கோத்து இறுக்கவேண்டும். தலையால் முட்டுகிறவனுக்கு அந்தக் கோர்ப்பு நெற்றியில் பதியும். புதுப் பிளடர் தேடி யாழ்ப்பாணம் பெரியகடை முழுக்க அலைந்து வெறுங்கையோடு வந்திருக்கிறோம். ஒரு பிளடரில் ஒன்பது ஒட்டு வரைக்கும் போட்டோம். கனம் ஒரு பக்கம் சாய்ந்து பந்து காற்றில் கோணிக்கொண்டு போகும். எங்கள் இடதுபக்க ஆட்டக்காரர் ஒருவர் அந்தக் கோணலை நன்றாகப் பழகி வைத்திருந்தார். புதுப் பந்து கிடைத்த அன்றைக்கு அவரால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

1977இல் ஆட்சி மாறி ஜே.ஆர். கதவைத் திறந்துவிட்டார். கடையில் பந்துகள் வலைப் பையில் தொங்கின. வெங்காயத்தின் விலை விழுந்தது. அந்த வருஷங்களின் பக்கங்களில் புதுப் பந்து வாங்கிய செலவு ஒரு பக்கம், சந்தா நிலுவை மறுபக்கம். பிறகு ஆட்டக்காரரின் பெயருக்கு எதிரே ‘மத்திய கிழக்கு’ என்று எழுதத் தொடங்கினேன். 1983க்குப் பிறகு ‘ஜெர்மனி’, ‘கனடா’. பதினொரு பேர் சேர்க்கப் பக்கத்து ஊரில் ஆள் தேடினோம். கொழும்பில் இருந்து மிளகாயைப் பற்றி முடிவெடுத்தவர்களுக்குச் சண்டிலிப்பாயில் ஒரு பிளடரைப் பற்றி என்ன தெரியும்? எங்களுக்கும் அவர்கள் எடுத்த முடிவு விளங்கவில்லை. பந்து இல்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தோம்.

அடுத்ததை எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சாதி காரணமாக ஒருவரைக் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ பொது இடத்திலோ தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. சுன்னாகத்தில் 1966இல் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போய் அடி வாங்கினார்கள். மாவிட்டபுரத்தில் 1968இல் கோவில் வாசலில் கிடந்தார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். பேப்பரில் வாசித்துவிட்டுப் பின்னேரம் மைதானத்துக்குப் போவோம். அங்கே வேலிக்கு வெளியே நாலைந்து பெடியள் நிற்பார்கள். பந்து வெளியே போனால் எடுத்து எறிவார்கள். அதுதான் அவர்களுக்கு விட்ட வேலை. அதில் ஒருவன் எட்டிப் பாய்ந்து எடுத்து அடிக்கிற அடி எங்களில் ஒருவரிடமும் இல்லை. ஒருநாள் வந்து கேட்டான்: “அண்ணை, எங்களையும் சேருங்கோவன்.”

என் புத்தகத்தில் 1974இல் மூன்று கூட்டங்களில் ஒரே வசனம் இருக்கிறது. ‘புதிய அங்கத்தவர் சேர்ப்பது பற்றி ஆலோசிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது.’ எழுதினது நான். என்ன ஆலோசித்தோம், ஏன் ஒத்திவைத்தோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாலாவது கூட்டத்துக்கு ஒரு வாத்தியார் அந்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “சேர்க்காட்டி எழுதித் தாருங்கோ, ஏன் சேர்க்கேல்லை எண்டு. கையெழுத்தும் வையுங்கோ,” என்றார். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெடியன் எங்கள் கரப்பந்தாட்ட அணியில் நின்றான். அப்போதெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கம் ‘ஓவர் கேம்’ என்ற கரப்பந்து முறைதான். அவன் அடித்தால் எதிரணி பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் தண்ணீர் குடிக்கிற செம்பு அவனுக்கு வேறாகவே இருந்தது. அவனே வீட்டிலிருந்து ஒரு தம்ளர் கொண்டுவருவான். அது எப்போது ஒன்றானது என்று புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. யாரும் தீர்மானம் எடுக்கவில்லை. நான் கவனித்த நேரம் தம்ளர் மைதானத்தில் இல்லை. சட்டம் இல்லாதிருந்தால் அந்த வாத்தியாருக்கு மேசையில் வைக்க ஒன்றும் இருந்திருக்காது. அந்த வாத்தியார் இல்லாதிருந்தால் சட்டம் கொழும்பிலேயே கிடந்திருக்கும். அந்தப் பெடியனிடம் நான் மன்னிப்புக் கேட்டது அவன் பேரப்பிள்ளை கண்ட பிறகு, தொலைபேசியில். அவன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினான்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, பசளை, பற்றரி ஒன்றும் வராது. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். நாடு கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டு என்று அறிவித்தது 1991இல். அந்த வருஷம் எங்களிடம் இருந்த ஒரே கரப்பந்து கோழிமுட்டை வடிவத்தில் இருந்தது.

சண்டை நெருங்கிவர, 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அம்மாவின் சாமான்களோடு இந்தப் புத்தகத்தையும் உரப்பைக்குள் வைத்துச் சைக்கிளில் கட்டினேன். கோப்பைகளை விட்டுவிட்டுக் கொப்பியைக் கொண்டுபோகிறேன் என்று மனுசி பேசினா.

1996 மார்ச் 17. சாவகச்சேரிப் பக்கம் ஒரு மாமரத்தின் கீழே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவில் கொளுவி, ஒருவர் மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். லாகூரில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் உலகக்கிண்ண இறுதி ஆட்டம். சுற்றுகிற கை களைத்தால் வர்ணனை மெலிந்து ஈயின் இரைச்சல் போலாகும். வேறு கை மாறும். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெற்றால் வெற்றி. எங்களை வீட்டிலிருந்து எழுப்பின நாட்டின் அணி அது. அதற்குள்ளேயே தமிழரான முரளியும் நிற்கிறார். கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரு சின்னப் பெடியன் மட்டும் துள்ளினான். மிதி சுற்றினவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை நிமிர்த்தினார். அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஊரடங்குச் சட்டம். சுற்றுப்போட்டி வைக்க இராணுவ முகாமில் அனுமதி எடுக்கவேண்டும், ஆட்டக்காரரின் பெயர்ப் பட்டியல் கொடுக்கவேண்டும். பட்டியலில் பெயர் போவதற்கு எந்தத் தாய் சம்மதிப்பாள்? பெடியளின் பின்னேரம் அப்படியே வீட்டுக்குள் போய்விட்டது. பிறகு அந்தப் பின்னேரத்தை ரியூசன் கொட்டில்கள் எடுத்துக்கொண்டன. ஊரடங்கு போய்விட்டது, ரியூசன் போகவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை நடத்துகிறவர்கள் மைதானத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளையின் நாலரை மணியை அந்தப் பரீட்சைதான் வைத்திருக்கிறது.

துரையப்பா விளையாட்டரங்கம் இந்தியாவின் உதவியில் திருத்தப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு 2025 செப்ரெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி வந்து வேலை தொடக்கிவைத்தார். நல்லது, வரட்டும். ஆனால் புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து அங்குல உயரத்தோடு வலைப்பந்தில் ஆசியாவின் கிண்ணத்தை நாட்டுக்கு எடுத்துக் கொடுத்தது அப்படி ஒரு மைதானம் இருந்ததால் அல்ல. தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்ந்து தேசிய சாதனை வைத்தார். அந்த விளையாட்டுக்கு மேலிருந்து விழ மெத்தை வேண்டும். ஒரு பாடசாலைக்கு மெத்தை வாங்குகிற காசுக்குக் கல்வெட்டுத் திறப்புவிழா வைக்கமுடியாது. அதனால்தான் அது கடைசியாக வருகிறது என்பது என் எண்ணம்.

நான் முதல் பக்கத்தில் எழுதின 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஐம்பது வயதானபோது அதன் கை எவ்வளவு நீளம் என்று நீங்களும் பார்த்தீர்கள். 2023 நவம்பரில் விளையாட்டு அமைச்சர் கிறிக்கெற் சபையைக் கலைத்து, அந்த 1996 அணியின் தலைவர் அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழு போட்டார். நாலு நாளில் சர்வதேச கிறிக்கெற் சபை இலங்கையை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. அதே வருஷம் ஜனவரியில் உதைபந்தாட்டச் சம்மேளனத்தையும் பீபா நிறுத்தியிருந்தது. சபைக்குள் ஊழல் இருந்தால் அரசாங்கம் கைகட்டி நிற்பதா என்று கேட்டால் என்னிடம் லேசான பதில் இல்லை. அவர்களுடைய கூட்டறிக்கைப் புத்தகத்தை வாசிக்க ஆசையாய் இருக்கிறது.

இனி எங்கள் மைதானம். இதற்காகத்தான் மலருக்கு எழுத ஒத்துக்கொண்டேன்.

நீங்கள் விளையாடுகிற காணி கழகத்தின் காணி அல்ல. உடையவர் வாய்ச்சொல்லில் விட்டது. அவர் இல்லை, பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவில். இன்றைக்குப் பரப்பு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். பத்து வருஷம் ஆண்டால் ஆட்சியுறுதி எழுதலாம் என்று சந்தியில் நின்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுமதியோடு விளையாடினது ஆட்சி ஆகாது. அனுமதிக்கு அத்தாட்சியும் என்னிடமே இருக்கிறது: ஒவ்வொரு வருஷப் பொதுக்கூட்டத்திலும் ‘மைதானத்துக்குக் காணி தந்துதவும் ஐயாவுக்கு நன்றி’ என்று தீர்மானம் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமே என்று உங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். பெயரைச் சொல்லமாட்டேன்.

கிழிக்கக்கூடாது. அவற்றைத்தான் ரொறன்ரோவுக்கு அனுப்பப் போகிறோம். தங்கள் பேரனாருக்கு ஊர் இருபத்திரண்டு வருஷம் நன்றி சொன்னதை அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்கள் சம்மதித்தால் யாருடைய பெயருக்கு நன்கொடை உறுதி எழுதுவது என்பது அடுத்த கேள்வி. கழகத்தின் பெயரில் எழுதினால் நாளைக்கு நிர்வாகம் இரண்டாகப் பிரியும். வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் பெயரில் எழுதலாம் என்பது என் பக்கம். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து 2025 மே 6 தேர்தல் வரைக்கும் ஊர் தெரிந்தெடுத்த ஒருவரும் அங்கே இருக்கவில்லை என்பதும் தெரியும். அப்படிப்பட்ட காலம் திரும்ப வந்தாலும் அந்த இடத்தில் கடைத்தொகுதி எழும்பாதபடி, விளையாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை உறுதிக்குள்ளேயே இருக்கவேண்டும். நொத்தாரிசோடு கதைக்கும்போது பெண்பிள்ளைகளின் அணியிலிருந்தும் ஒருவர் கூட வரட்டும். வலைப்பந்துக்கு ஒரு மூலை என்று அப்போதே கேட்காவிட்டால் பிறகு கிடைக்காது.

முதலில் நில அளவையாளரின் படம் வேண்டும். அதற்குச் செலவு உண்டு. நன்றித் தீர்மானங்களைப் போட்டோப் பிரதி எடுக்க மானிப்பாய்க்குப் போகவேண்டும். தாள் உக்கிப்போய் இருக்கிறது, இயந்திரத்தில் அமத்தக்கூடாது. நானே பிடித்துக்கொண்டு நிற்கவேணும். வெள்ளிக்கிழமை காலமை ஒன்பதுக்கு ஒருவர் மோட்டார் சைக்கிளோடு வாருங்கள். பின்னால் இருக்க எனக்குப் பயம் இல்லை. புத்தகத்துக்கு மட்டும் ஒரு நல்ல பை கொண்டுவாருங்கள்.