அப்பாவின் உறக்கமும் ஒரு மோட்டாரும்

சன்னலுக்கு ஒரு திரை. அதைத் தானே திறந்து மூட ஒரு மோட்டார். வெயில் ஏறியதைக் கண்டு மோட்டாருக்குச் சொல்ல ஒரு சிறு கண். இவ்வளவுதான் சங்கதி. இதற்குப் போய் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறவனுக்கு இது ஒரு வாரத்து வேலை என்று பேராசிரியரிடம் மார்தட்டிவிட்டு வந்தேன். நான்கு மாதம் ஆயிற்று!

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். அப்பா தாராவியிலிருந்து கடற்கழியைத் தாண்டிக் கோபர்கைரனேக்கு வந்தவர். வீடு என்பது ஓர் அறையும் ஓர் அடுக்களையும். அறைக்கு ஒரே சன்னல், அதுவும் கிழக்கே. அப்பாவுக்குத் துர்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல். காலை ஏழரைக்கு வந்து, இரண்டு தோசையைத் தின்றுவிட்டு எட்டு மணிக்குப் படுப்பார். பார்சிக் குன்றின் மேலே ஏறிவரும் சூரியன் அந்த நேரம் பார்த்து அவர் முகத்தில் வந்து விழுவான். அம்மா பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து ஆணியில் மாட்டுவாள். அறை இருண்டுவிடும். அரிசியில் கல் பொறுக்க அம்மாவும், புத்தகம் பார்க்க நானும் அடுக்களை விளக்கின் கீழே முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்காருவோம். வெளியே ஊருக்கெல்லாம் வெயில் கொட்டிக் கிடக்கும்.

ஆகவே தானியங்கித் திரை என்றதும் என் கண்ணுக்கு முன்னே நின்றது எங்கள் வீட்டுச் சன்னல்தான்.

முதலில், சுருண்டு மேலே ஏறும் துணித் திரையை எண்ணினேன். துணியும் அடிக்கட்டையும் சேர்ந்து ஒரு கிலோ. சுருளும் உருளையின் ஆரம் இரண்டு சென்டிமீட்டர். ஆக, இரண்டு கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை வேண்டும், உராய்வு தனி. கணக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாமிங்டன் ரோட்டுக்குப் புறப்பட்டேன். நம்மில் செய்முறைத் திட்டம் செய்த எவருக்கும் அந்த வீதியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தாணே போய், தாதரில் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கினால் இரண்டு பக்கமும் மின்னணுக் கடைகள். பெரிய பல்சக்கரப் பெட்டி வைத்த மோட்டார் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். ஐந்து கிலோ-சென்டிமீட்டர் இழுக்கும் என்றார் கடைக்காரர். இழுக்கத்தான் செய்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு அது முதன்முறை ஓடியது. அப்பா பதறி எழுந்து, "ஏலே, வீட்டுக்குள்ள மாவு மில்லா வச்சிருக்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிறிது சரிசெய்துவிட்டு மீண்டும் ஓட்டினேன். பிறகு இன்னொரு முறை. அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று அவர் உறங்கவே இல்லை என்பது எனக்குத் தெரியாது. அன்றிரவு பணியில் கண் அயர்ந்திருக்கிறார். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். ஒரு நாள் கூலி போயிற்று. இதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அம்மா சொன்னாள்.

மோட்டாரின் விவரத் தாளில் வோல்ட் இருந்தது, ஆம்பியர் இருந்தது, முறுக்குவிசை இருந்தது. அது எவ்வளவு சத்தம் போடும் என்று ஒரு வரியும் இல்லை. நானும் கேட்கவில்லையே!

நண்பன் ஒருவன், நீமா 17 மோட்டாரையும், ஓசைப்படாமல் அதை ஓட்டும் டி.எம்.சி. 2208 என்ற சில்லையும் வாங்கச் சொன்னான். நல்ல யோசனைதான். ஆனால் திரை கீழே சரியாமலிருக்க அந்த மோட்டாருக்கு ஓயாமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது சூடேறிக்கொண்டே இருக்கும். என் கையிருப்போ ஏற்கெனவே கரைந்துவிட்டது. எனவே கேள்வியையே மாற்றிப் பார்த்தேன். திரையை ஏன் தூக்க வேண்டும்?

பழைய சாமான் கடை ஒன்றில், கலைக்கப்பட்ட அலுவலகத்தின் அலுமினியத் தகட்டுத் திரை கிடைத்தது. அதில் தகடுகளைத் தூக்க வேண்டாம், சாய்த்தால் போதும். சாய்க்கும் கோலின் தலையில் ஒரு மரைப் பல்சக்கரம் உண்டு. கோலைத் திருகினால் தகடு சாயும். தகட்டைப் பிடித்துத் தள்ளினால் கோல் அசையாது. நிறுத்திய இடத்தில் தானே நிற்பதால் மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிடலாம். இதற்கு 28 பி.ஒய்.ஜே. 48 என்னும் சின்னஞ்சிறு ஸ்டெப்பர் மோட்டாரே போதும். ஒரு சுற்றுக்கு 2048 அடி எடுத்து வைக்கும் ஆமை அது. அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளட்டுமே, சூரியனுக்கு என்ன அவசரம்? செர்வோ மோட்டாரையும் கையில் வைத்துப் பார்த்தேன். அது கொசுவைப்போல் ரீங்காரமிட்டது, வேண்டாமென்று வைத்துவிட்டேன். தகடுகளை மேல்நோக்கிச் சாய்த்தால் இன்னொரு லாபமும் உண்டு. வெளிச்சம் கூரையில் பட்டு அறைக்குள் பரவும். கட்டிலில் கிடப்பவர் முகத்தில் விழாது.

இனி, கண். ஒளி மின்தடை என்ற பத்து ரூபாய்ப் பொருள் அது. 10 லக்ஸ் வெளிச்சத்தில் அதன் தடை பத்தாயிரம் ஓம் அளவில் இருக்கும். வெயில் ஏற ஏற நூறு ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். எல்லாரும் செய்வதுபோல் நானும் பத்தாயிரம் ஓம் தடையை அதனோடு தொடராக இணைத்தேன். காலை ஒன்பது மணியும் நண்பகலும் அதற்கு ஒன்றாகவே தெரிந்தன. தொடர்தடையை 470 ஓமாக மாற்றிய பிறகே அதற்கு வித்தியாசம் புரிந்தது. அடுத்த பிழை என்னுடையது. கண்ணைத் திரைக்கு உள்பக்கம் வைத்துவிட்டேன். திரை மூடும், கண் இருட்டைக் காணும், திரை திறக்கும், கண் வெளிச்சத்தைக் காணும், திரை மூடும்! இப்போது அது கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூன் மாதம் மேகங்கள் வந்தன. ஒவ்வொரு மேகத்துக்கும் திரை தலையாட்டியது. இதற்கு மருந்து கண்டவர் ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர். 1934-இல், நம்மைப்போல் பட்டமேற்படிப்பு மாணவராக இருந்தபோதே கண்டார். கணவாயின் நரம்பை ஆராயப் போனவர், போவதற்கு ஓர் எல்லை, திரும்புவதற்கு வேறோர் எல்லை என்று வைக்கும் சுற்றை அமைத்தார். நான் அதை ஆர்டுயினோவில் நான்கு வரியாக எழுதிக்கொண்டேன். மூடுவதற்கு ஓர் அளவு. திறப்பதற்கு அதனினும் மிகக் குறைந்த ஓர் அளவு. அதோடு, பத்து நிமிடம் நிலைத்து நின்றால்தான் மோட்டார் அசையும்.

போன வாரம் அப்பா பகல் இரண்டு மணிக்கு எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு, "ஏன்யா, இன்னைக்கு உன் மிஷினு ஓடலையோ?" என்று கேட்டார். அதற்குள் அது ஆறு முறை ஓடியிருந்தது. அம்மா அரிசி முறத்திலிருந்து தலை நிமிராமல் சிரித்தாள்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால், தான் எந்த அடியில் நின்றோம் என்பதை ஸ்டெப்பர் மறந்துவிடுகிறது. எல்லை காட்டும் சிறு சுவிட்ச் ஒன்று பொருத்த வேண்டும். சனிக்கிழமை மீண்டும் லாமிங்டன் ரோடு போகிறேன். கூட வருகிறவர்கள் காலை பத்து மணிக்குக் கோபர்கைரனே நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.